பிரேக் ஆயில் டப்பாவில் ஜெப எண்ணெய்

சகோதர சகோதரிகளே, முதலில் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். என் காரின் பிரேக் ஆயில் டப்பாவில் ஜெபம் பண்ணின ஒலிவ எண்ணெயை ஊற்றியவன் நான். இரண்டு பட்டம் வாங்கியவன். வீட்டில் அலமாரி அலமாரியாகப் புத்தகம் வைத்திருப்பவன். ஊற்றிய அதே கையால்தான் இதையும் எழுதுகிறேன்.

போன ஐப்பசி மழையில் பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்க ஆரம்பித்தது. பானட்டுக்குள் இருக்கும் டப்பாவைத் திறந்து பார்த்தால் ஆயில் குறைந்திருந்தது. வாங்கி ஊற்றினேன். மறுபடி குறைந்தது. மறுபடி ஊற்றினேன். ஊற்றுகிறது எங்கே போகிறது என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

"மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

"அவன் ஒண்ணுக்கு நாலு சொல்லுவான்" என்றேன். போனில் நாலைந்து வீடியோ பார்த்திருந்த திமிர். கூடவே தினமும் வண்டிக்காக ஜெபித்தேன். அதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன். வெறும் சோம்பேறித்தனம் அது. அதற்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை மாட்டிவிட்டிருந்தேன், அவ்வளவுதான்.

ஒரு சனிக்கிழமை, வில்பட்டியில் ஸ்டெல்லாவின் அக்கா வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். கிளம்பும்போது பானட்டைத் திறந்தேன். ஆயில் அடியில் கிடக்கிறது. வாங்கி வைத்த பாட்டில் காலி. வெளியே அடைமழை. நோயாளிகளுக்குப் பூசுவதற்கென்று வைத்திருந்த எண்ணெய்க் குப்பி கண்ணில் பட்டது. வண்டியும் நோயாளிதானே? ஊற்றினேன். கண்ணை மூடி ஆமென் வேறு சொன்னேன்.

பின்சீட்டில் ஸ்டெல்லாவும் மகள் பிரின்சியும். பிரின்சி அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி.

வில்பட்டி மலை இறக்கத்தில் முதல் வளைவில் பிரேக் பிடித்தது. அடுத்ததில் பெடல் சேற்றில் கால் வைத்தது போல அடிவரை போய்விட்டது. மிதித்து மிதித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. கியரைக் குறைத்தேன், இன்ஜின் அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், ஈரத்தில் சக்கரம் வழுக்கியது. வலப்பக்கம் மூடுபனி. அதற்குக் கீழே பள்ளம்.

"மெதுவாப் போங்கப்பா" என்றாள் பிரின்சி.

நன்றாக ஜெபிக்கிறவன் என்று சபையில் எனக்கு ஒரு பேர் உண்டு. அன்றைக்கு அந்த அலங்காரம் ஒன்றும் வாயில் வரவில்லை. "புள்ளை, ஆண்டவரே, புள்ளை." அவ்வளவுதான் வந்தது.

வளைவு திரும்பியதும் இடப்பக்க ஓரத்தில், பூண்டு வயலுக்காக யாரோ இறக்கியிருந்த ஒரு லாரி கோழி எரு ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. ஸ்டியரிங்கை அதன் பக்கம் ஒடித்தேன். பானட் முழுக்கப் புதைந்து வண்டி நின்றது. மூவருக்கும் ஒரு கீறல் இல்லை.

பிறகு வாடை வந்தது. மழையில் ஊறின எரு. முன்கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க என் பக்கத்து ஜன்னலைப் பாதி இறக்கியிருந்ததால், சரிந்த எரு சட்டைக்குள், காதுக்குள், ஜெபித்த வாய்க்குள் எல்லாம் போனது. பிரின்சி வாந்தி எடுத்தாள். எடுத்து முடித்து வயிற்றில் கை வைத்து, "உதைக்குதும்மா" என்றாள். எருப் பூசின முகத்தோடு நான் அழுதேன்.

தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு எருவுக்குச் சொந்தக்காரர் ஓடி வந்தார். "யோவ், ரோடு அம்புட்டு அகலம் கெடக்கு, எருவுலதான் வந்து ஏறணுமா?" உள்ளே எட்டிப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. "அய்யய்யோ, மாசமா இருக்குற புள்ளையா? மெல்ல எறங்கு தாயி." என் பக்கம் திரும்பினார். "இதை நேத்தே வயல்ல அள்ளிப் போடச் சொன்னேன் சார். ஒரு பய சோலிக்கு வரலை. இப்பத்தான் அவனுகளை வஞ்சுக்கிட்டு இருந்தேன்."

வேலைக்கு வராத அந்த மனிதர்களுக்காக இன்றுவரை ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

வண்டியை இழுத்துப் போன மெக்கானிக் டப்பாவைத் திறந்தார். "ரசத்துல எண்ணெய் மெதக்குற மாதிரி மெதக்குதே, என்னத்தைங்க ஊத்துனீங்க?" சொன்னேன். அவர் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. "ஆயில் கொறைஞ்சா ஒண்ணு எங்கயோ ஒழுகுது, இல்ல பிரேக் பேடு தேஞ்சுருச்சு. பெடல் எறங்குன அன்னைக்கே வண்டியை நிறுத்திட்டு எனக்கு ஒரு போன் போட்டா என்னங்க?" ஒழுகியது பின்சக்கரத்தில்.

ஆண்டவரை நான் கூலி வாங்காத ஒர்க்‌ஷாப்காரராக வைத்திருந்தேன். அந்த என்னையும் அவர் கைவிடவில்லை. எனக்குத் தகுந்த இடத்தில்தான் நிறுத்தினார். பேரன் பிறந்து நன்றாக இருக்கிறான்.

பிரியமானவர்களே, நம்பிக் கூப்பிடுங்கள். ஒரு வார்த்தையானாலும் அவர் கேட்கிறார். ஆனால் பெடல் இறங்கினாலோ, சக்கரத்தில் கருகின வாடை வந்தாலோ, முழங்காலில் நிற்பதற்கு முன்னால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வந்து சேர்வதற்குள் ஜெபிக்க வேண்டிய மட்டும் நேரம் இருக்கும்.

இதைப் போன ஞாயிறு சபையில் சொன்னேன். பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வெளியே வந்ததும், பூண்டு போடுகிற ரோசம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிரதர், ஒண்ணு கேக்கலாமா? அது மக்குன எருவா, பச்சை எருவா?"

"பச்சைதான்க்கா."

"அதான பாத்தேன்" என்று கையை விட்டார். "வாடை இன்னும் ஒங்களை விட்டுப் போகலை."