பதினோரு சாட்சிகளும் ஒரு சொல்லும்

ரப்பர் தோட்டத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். காலைப் பெரட்டில் ஆட்களை எண்ணிப் பதிவது என் வேலை. யாராவது புகார் சொன்னால், “பார்த்தவங்க ரெண்டு பேர் கை தூக்கட்டும்” என்பார் மானேஜர். ஒரு கைதான் என்றால் நான் பேனாவைத் திறக்கவே மாட்டேன். உலகமே அப்படித்தான் நடக்கிறது என்று நம்பியிருந்தேன்.

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் உரக் கிடங்கில் தன்னைப் பலாத்காரம் செய்தான் என்று அடுத்த வீட்டுப் பெண் போலீசில் சொன்னபோது, எனக்கு இரண்டு மாதம் சரியான தூக்கமில்லை. பார்த்தவர் ஒருவருமில்லை. ஆறு நாள் கழித்துத்தான் சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில் மண்டோர் தம்பின் டவுனில் இருந்தான் என்று சொல்ல அவன் பக்கம் நாலு பேர். அவனையும் சேர்த்தால் ஐந்து. இவள் பக்கம் ஒன்று.

வழக்கு தொடங்கிய அன்று நான் ஒரு வேன் பிடித்துப் பதினோரு பேரை சிரம்பான் நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போனேன். அரசு வழக்கறிஞர் சின்ன வயதுப் பெண்.

“அங்கிள், இவங்கள்ல யாரு பார்த்தது?”

தோட்டத்தில் வடை விற்கும் வடைக்காரம்மாதான் வாய் திறந்தார். “நான் அன்னைக்கு ரெம்பாவ்ல மக வீட்டுல இருந்தேன்லா. ஆனா இந்தப் பொண்ணு பொய் பேசாது.”

“அது கோர்ட்டுக்கு அவங்க வாயாலதான்மா தெரியணும். எல்லாரும் பத்திரமா வீட்டுக்குப் போங்க.”

பக்கத்தில் நின்றிருந்த அந்தப் பெண் கூட்டத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். “என்ன மாமா, பரிசம் போடவா ஆள் சேர்த்தீங்க?” பல மாதத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மூடிய அறையில் இரண்டு நாள் சாட்சி சொன்னாள். பிறகு எங்களையும் உள்ளே விட்டு எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடியபோது அவள் பேச்சில் இருந்த பிசகுகளை அடுக்கினார். நான் விரல் மடக்கினேன். ஒன்பது. மழை நின்ற நேரம், சட்டையின் நிறம், கதவின் பூட்டு...

தீர்ப்பு நாளில் நீதிபதியம்மா நிதானமாக வாசித்தார்: “சாட்சிகள் எத்தனை பேர் என்று சட்டம் கேட்பதில்லை. ஒருவரின் சொல்லை மட்டும் நம்புவதில் ஆபத்து உண்டு என்பதை மனத்தில் வைத்தே அதை நுணுகிப் பார்த்தேன். சின்னப் பிசகுகள் மனித நினைவுக்கு இயல்பு. யார், எங்கே, என்ன செய்தார் என்பதில் அவர் ஒருமுறையும் மாறவில்லை. குடியிருக்கும் வீடே மண்டோரின் கையில் இருந்ததால் ஆறு நாள் பயந்தார் என்பது நம்பத்தக்கது. மண்டோர் தரப்பு நால்வரோ ஒரே வாசகத்தை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள்.”

குற்றவாளி என்ற சொல் வந்ததும் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பதினோரு பேரும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றிருந்தார்கள். வடைக்காரம்மா குலவையிட்டார், காவலர் ஓடிவந்து விரலை உதட்டில் வைத்தார்.

வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் கேட்டேன்: “ஒன்பது பிசகும்மா. உனக்குப் பயமா இல்லையா?”

“ஒன்பதா? நீங்க வேற மாமா, நான் எங்க எண்ணினேன்? நடந்ததைச் சொன்னேன், அவங்க நம்பிட்டாங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரசம் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தாள். கடை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி, பெரிய குரலில்.