கிணறுகளைச் சுரண்டிய படம்

கேப்டன் அந்தப் படத்தைக் கையில் வாங்கிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல, இரண்டே விரலால் மூலையைப் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கினார். பத்து நாள் முதுகு ஒடிய உட்கார்ந்து நான் வரைந்த படம். “ஏம்ப்பா, இது மேப்பா, அம்மை போட்ட மூஞ்சியா?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். சிரித்த வாய் மறந்துவிடும், சிரிக்கப்பட்ட மூஞ்சி மறக்காது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். எனக்கும் அந்த மனுஷருக்கும் பகை விழுந்தது அந்தச் சிரிப்பில்தான்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வருஷம், கம்பம் பள்ளத்தாக்கு நெல்லில் புகையான் பூச்சி விழுந்து வயல் வயலாகக் கருகியது. மருந்தடிக்க ஒரு குட்டி விமானத்தைக் கொண்டுவந்தார்கள். அதை ஓட்டவந்தவர்தான் கேப்டன். சின்னமனூருக்கு வெளியே ஒரு பொட்டலைச் சமப்படுத்தி, அங்கே இறக்கினார்கள். நான் அப்போது உத்தமபாளையத்தில் ஓர் அலுவலகத்தில் டிரேசர். வரைபடங்களைத் துணியில் நகல் எடுக்கும் வேலை. எந்தப் பள்ளியிலும் படித்து வந்ததில்லை. பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்தது. ஊர் ஊராகக் கிடந்த கிராமப் படங்களை ஒட்டவைத்து, விமானத்துக்கு ஒரே படமாகப் போட்டுக்கொடுக்க என்னை அனுப்பினார்கள். ஆகாசத்தில் போகிறவருக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாதென்று எல்லாவற்றையும் போட்டேன். வாய்க்கால், கோயில், புளியந்தோப்பு, சர்வே நம்பர். பழைய படத்தில் இல்லாத புதுக் கிணறுகளைக்கூட சைக்கிளில் அலைந்து பார்த்து, கிணற்றுக்கு ஒரு வட்டம் போட்டேன். பந்தியில் இலை போட்டால் ஒரு கறி குறையலாமா என்கிற புத்தி.

கேப்டனுக்கு அது வேண்டாம். பயிருக்கு மேல் ஆள் உயரத்தில் பறக்கிறவருக்குக் குனிந்து படத்தைப் பார்க்க இரண்டு நொடிதான் கிடைக்குமாம். “கோயிலைக் கும்பிடவா போறேன், கிணத்துல குளிக்கவா போறேன்? ரோடு, வாய்க்கால், மலை. மிச்சத்தைச் சுரண்டு” என்றார். அதில் அவர் சொன்னது நியாயம் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது நியாயத்தையா பார்த்தேன்? என் பெயரை ஒருநாளும் அவர் கேட்கவில்லை. “ஏய் டிரேசர்” என்றுதான் கூப்பாடு. விவசாயிகள் ஆசையாக வெட்டிக்கொண்டுவந்த வாழைத்தாரை ஏறிட்டும் பார்க்கமாட்டார். டீ ஆறிப்போயிருந்தால் கொண்டுவந்தவன் காலடியிலேயே ஊற்றுவார். நல்லது ஒன்றிரண்டு இருந்திருக்கும். நான் தேடவில்லை.

பிளேடை எடுத்துக்கொண்டு சுரண்ட உட்கார்ந்தேன். மூன்றாவது வட்டத்திலேயே எனக்கு உறைத்துவிட்டது. எங்கள் பள்ளத்தாக்கில் அப்போது கிணற்றுக்குக் கிணறு கரண்டு வந்திருந்தது. கிணறு இருந்தால் மோட்டார் ரூம் இருக்கும். மோட்டார் ரூம் இருந்தால் வயலுக்குக் குறுக்கே கம்பி வரும். கிணறு என்று சொன்னாலே எங்களுக்கு அதில் கம்பியும் அடக்கம், யாரும் தனியாகச் சொல்வதில்லை. மேலிருந்து பார்த்தால் கம்பி தெரியாது, கிணறு தெரியும். வெளியூர்க்காரருக்கு இது எப்படித் தெரியும்? “வயரெல்லாம் போட்டிருக்கேல்ல?” என்று கேட்கத்தான் செய்தார். “மெயின் லைன் போட்டிருக்கு சார்” என்றேன். பொய் இல்லை. ரோட்டோரம் போன பெரிய லைனைப் போட்டிருந்தேன். மிச்சக் கம்பிகளை வட்டம் வட்டமாகச் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

கொடி பிடிக்க ஒரு பெரியவர் வந்திருந்தார். வயல் கோடியில் மூங்கில் கம்பில் வெள்ளைத் துணி கட்டி நின்று, எங்கே மருந்தடிக்க வேண்டும் என்று விமானத்துக்குக் காட்டுகிற வேலை. அவருக்கும் அங்கே வயல் உண்டு. முறைக்கு மாமா. அன்று சாயந்திரம் படத்தின் மேல் குனிந்து வெகுநேரம் தேடினார்.

“எங்கன மாப்ள, நம்ம கிணத்தக் காணோம்?”

“கேப்டன் உத்தரவு மாமா.”

“உத்தரவு போட்டது கம்பிக்குத் தெரியுமா? போயி அவர்ட்ட ஒரு வார்த்த சொல்லிருய்யா.”

“சொல்லியாச்சு மாமா.”

இதுதான் பொய். நாக்கு கூசாமல் வந்தது.

மறுநாள் காலை மாமாவின் வயலுக்குத்தான் முதல் முறை. நான் பொட்டலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் இறங்கி இறங்கி வந்தது. தூரத்தில் வெள்ளைக் கொடி ஆடியது. திடீரென்று கொடி கீழே விழுந்தது. மாமா கொடியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்து ஆட்டினாராம். அது எனக்குத் தெரியவில்லை. சுளீரென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. விமானம் குடிகாரன்போல ஒரு பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மேலே போயிற்று. ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்து பொட்டலில் இறங்கியது.

சக்கரத்துத் தண்டில் கம்பி சுற்றியிருந்தது. கேப்டன் இறங்கித் தரையில் உட்கார்ந்தார். பிறகு எழுந்து, யாரையும் தொடவிடாமல் அவரே அதைப் பிரித்தெடுத்தார். அதற்குள் மாமா மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டார். “சொல்லியாச்சுன்னு சொன்னானே சாமி, நீங்க ஏன் அங்கன வந்தீக?” என்று கேட்டார். கேப்டன் மாமாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அடி விழும் என்றுதான் நின்றேன். விழவில்லை. பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “என் மேல கோவம்னா என் மூஞ்சிக்கு நேரா சொல்லு. படத்துல சொல்லாதே” என்றார்.

அன்று பகல் முழுக்க மூன்று பேரும் வரப்பு வரப்பாக நடந்தோம். மாமா கையை நீட்டிக் காட்ட, நான் சிவப்பு மையில் கம்பிகளை மட்டும் இழுத்தேன். ஒரு கிணறு இல்லை, ஒரு கோயில் இல்லை. கேப்டன் அதை மடித்துத் தொடையில் கட்டிக்கொண்டு மீதி நாட்களும் பறந்தார். சமாதானம் ஒன்றும் ஆகவில்லை. கடைசிவரை “ஏய் டிரேசர்”தான். கிளம்பும்போது ஒரு தலையசைப்புகூடக் கிடையாது, நானும் எதிர்பார்க்கவில்லை. மாமா மட்டும் அதற்குப் பிறகு என்னை மாப்ள என்று கூப்பிடவில்லை, தம்பி என்றார்.

இப்போது செல்போனைத் திறந்தால் எங்கள் ஊர் டீக்கடைகூடப் படத்தில் இருக்கிறது. எல்லாம் இருக்கிறதே என்று பிள்ளைகள் அதிசயிக்கிறார்கள். எதை விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று பார்ப்பதுதான் என் பழக்கமாகிவிட்டது. கேப்டனை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது. அவர் உயிரோடு இருந்தால் அவருக்கும் என்னைப் பிடிக்காது. ஆனால் அந்தக் கம்பி இன்னும் நாலு முழம் உயரத்தில் போயிருந்தால், சக்கரத்தில் அல்ல, அவர் கழுத்தில் பட்டிருக்கும். கூடிநின்று விதி என்று சொல்லியிருப்பார்கள். நானும் அவர்களோடு நின்று தலையாட்டியிருப்பேன்.