ஜெயசுதா ஓட்டினால் மட்டும் நிற்கும் கார்

1. மருந்துச் சீட்டோடு வந்த வண்டி

அந்த டீசல் கார் ஒரு குட்டியானை லோடு வண்டிக்குப் பின்னால் கயிறு கட்டி என் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அதன் உரிமையாளர் ராஜமாணிக்கம் உட்கார்ந்திருந்தார். திண்டுக்கல்லில் வெங்காயக் கமிஷன் கடை வைத்திருப்பவர். வண்டிக்கு என்ன என்று நான் கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"ஒண்ணுமில்ல அருளு. எம் மக ஓட்டுனா நிக்குது, நான் ஓட்டுனா ஓடுது. அம்புட்டுத்தான்."

"இப்ப யாரு ஓட்டி நின்னுச்சு?"

"இப்ப யாரு ஓட்டுனாலும் கெளம்பல."

கார்களின் எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக் வேலையை மட்டும் பார்க்கிறவன் நான். பழனி பைபாஸ் பக்கம் பட்டறை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்த வண்டியும் நம்மிடம் நோயோடு மட்டும் வராது, மருந்துச் சீட்டையும் கையோடு கொண்டுவரும். டீக்கடையில் ஒருவர் பம்ப் என்றிருப்பார். பெட்ரோல் பங்க்கில் ஒருவர் சென்சார் என்றிருப்பார். ராஜமாணிக்கம் எல்லோர் பேச்சையும் கேட்கிறவர். டீசல் ஃபில்டர், கிராங்க் சென்சார், கடைசியில் கிளட்ச் செட் வரைக்கும் மாற்றிவிட்டு வந்திருந்தார்.

"ஓடிக்கிட்டிருக்கிற இன்ஜின் ஆஃப் ஆகுறதுக்கும் கிளட்ச்சுக்கும் என்னண்ணே சம்பந்தம்?" என்று கேட்டேன்.

"பொம்பளப் புள்ள கிளட்ச் மேலயே கால வச்சு ஓட்டியிருக்கும்ல" என்றார். சம்பந்தம் அவ்வளவுதான்.

2. நான்கு வழிச்சாலையில் நடந்தது

அவர் மனைவி தனலட்சுமிக்கு மார்பில் புற்றுநோய் கண்டு ஆபரேஷனும் கீமோ ஊசியும் முடிந்திருந்தன. அடுத்துக் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தவிர தினமும் போக வேண்டும், நடுவில் விடக் கூடாது. ராஜமாணிக்கத்துக்குக் காலையிலேயே கடையில் ஏலம். அதனால் மகள் ஜெயசுதாதான் அம்மாவைக் காரில் கூட்டிப் போனாள். கடைக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பெண். லைசென்ஸ் எடுத்து ஓட்டிப் பழகியவள்.

முதல் தடவை கார் அம்பாத்துரைப் பக்கம் நின்றது. அடுத்து கொடைரோடு தாண்டி நின்றது. மூன்றாம் தடவை வாடிப்பட்டிக்கு முன்னால், வலது லேனில் நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது இன்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது. இன்ஜின் அணைந்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், பிரேக்கும் இறுகிவிடும். அந்தப் பெண் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் திருகி, பிரேக்கில் ஏறி நிற்காத குறையாக மிதித்து ஓரம் கட்டினாள். லாரி ஹார்ன் அடித்தபடி உரசுவதுபோல் கடந்து போனது. தனலட்சுமி அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து அழுதார்.

உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வந்த மகளிடமிருந்து ராஜமாணிக்கம் அன்று மாலையே சாவியைப் பிடுங்கிக்கொண்டார். மறுநாள் ஒரு ஆக்டிங் டிரைவர் வந்தார். அவர் ஓட்டும்போதும் கார் நின்றது. "அந்தப் புள்ள ஓட்டிக் கெடுத்து வச்சிருச்சு சார்" என்று சொல்லிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டில் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். வண்டியில் இல்லாத ஆள் வண்டியை நிறுத்திய அதிசயம் எங்கள் ஊரில் இப்படித்தான் நடந்தது. அம்மாவும் மகளும் பஸ்ஸில் போக ஆரம்பித்தார்கள். வழியில் அந்த அம்மாவுக்குக் குமட்டும். மகள் பிளாஸ்டிக் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாள்.

3. மச்சினன் செய்த வைத்தியம்

ராஜமாணிக்கத்தின் மச்சினன் சேகர் உர வியாபாரி. செல்போனில் வீடியோ பார்த்து எல்லாத் தொழிலையும் கற்றுக்கொண்டவர். காரின் இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர் போய்விட்டது என்று அவர் கண்டுபிடித்தார். நாங்கள் ஈசிஎம் என்போம், பானட்டுக்கு அடியில் அலுமினியப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு போர்டு. குருட்டு யோகத்தில் அவர் சொன்னது சரி. ஆனால் அதை நிரூபிக்க ஏதோ ஒரு பழைய இரும்புக் கடையில், நசுங்கிய காரிலிருந்து கழற்றிய பெட்டியை வாங்கி வந்து தானே மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு கார் கிளம்பவே இல்லை. கயிறு கட்டி வந்தது அதனால்தான்.

"அச்சு அசல் அதே டப்பாதாண்ணே" என்றார் சேகர்.

"உங்க வீட்டுப் பூட்டும் பக்கத்து வீட்டுப் பூட்டும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கும். உங்க சாவிய அங்க போட்டா தொறக்குமா?"

திண்டுக்கல்காரரிடம் பூட்டை வைத்துச் சொன்னால்தான் ஏறும். சாவிக்குள் இருக்கிற சிப்பும் ஈசிஎம்மும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் இன்ஜினுக்கு அனுமதி. வேறொரு காரின் பெட்டி இந்தச் சாவியைத் திருடன் என்றே நினைக்கும். பெட்டியைத் தப்பு சொல்ல முடியாது.

டிக்கியில் மஞ்சப்பைக்குள் கிடந்த பழைய ஈசிஎம்மை எடுத்து மாட்டினேன். கார் உடனே கிளம்பியது.

"பாத்தீங்களா மாமா, பழசு நல்லாத்தான் இருக்கு" என்றார் சேகர். ஒரே வாரத்தில் அந்தப் பெட்டியைக் கொன்று, பிழைக்கவும் வைத்துவிட்டார்.

ராஜமாணிக்கம் கிளம்பத் தயாரானார். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். நாளைக்கு மகளைக் கூட்டி வரவும் சொன்னேன்.

"அவ எதுக்கு?"

"வண்டி நின்னப்ப உள்ள இருந்தது அவங்கதானண்ணே."

4. ஜெயசுதா சொன்னது

மறுநாள் மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பி, அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு வந்தாள். முகத்தில் களைப்பு. அப்பாவும் மாமாவும் பக்கத்தில் நிற்க, என்னைப் பார்த்து மட்டும் பேசினாள்.

"நிக்கிறப்ப ஆர்பிஎம் முள்ளு கொஞ்சங் கொஞ்சமா எறங்காது அங்கிள், ஒரேயடியா விழுந்துரும். சாவி படம் போட்ட லைட்டு மினுங்கும். கெளம்புன உடனே ஒருநாளும் நின்னதில்ல, நல்லா ஓடி சூடானப்புறந்தான் நிக்கும். ஆஸ்பத்திரியில வெயில்ல நிப்பாட்டிட்டுத் திரும்புனா சீக்கிரமாவே நின்னுரும். பானட்டத் தொறந்து வச்சு செத்த நேரம் ஒக்காந்திருந்தா மறுபடி கெளம்பிரும்."

வண்டிக் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனரை மாட்டி அரை நாள் தேடினாலும் எனக்கு இவ்வளவு கிடைத்திருக்காது. அப்பா விடியற்காலையில் வீட்டிலிருந்து கடைக்கு ஓட்டுகிறார். பக்கத்துத் தெருவில் கடை. இன்ஜின் சூடாகும் முன்பே போய் இறங்கிவிடுவார். மகள் மதுரை வரைக்கும் ஓட்டிப் போய், மதிய வெயிலில் திரும்புகிறாள். காருக்கு ஆண் பெண் தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும்.

"இத யாருகிட்டயும் சொல்லலையா பாப்பா?"

"சொன்னேன் அங்கிள். மொதல்ல கிளட்ச்ச ஒழுங்கா மிதின்னாங்க."

ராஜமாணிக்கம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜின் ஐடிலில் ஓடியது. ஈசிஎம்முக்கு வருகிற கரண்டும் எர்த்தும் சரியாக இருக்கின்றனவா என்று மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு, ஒயர் மேல் ஸ்லீவ் சுருக்குவதற்காக வைத்திருக்கும், சுடுகாற்று அடிக்கும் ஹீட் கன்னை எடுத்து, பெட்டிக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. சேகர் சிரிக்கத் தயாரானார். அப்போது இன்ஜின் பட்டென்று அணைந்தது. சாவி லைட் மினுங்கியது. ஸ்கேனரில் ஈசிஎம்மையே காணோம். மீட்டரில் மட்டும் கரண்ட் வந்துகொண்டிருந்தது. சாப்பாடு போகிறது, ஆள் மயங்கிக் கிடக்கிறான் என்று அர்த்தம். ஃபேன் காற்றில் பெட்டியை ஆறவிட்டதும் வண்டி மறுபடி கிளம்பியது. சந்தேகம் வேண்டாம் என்று இன்னொரு தடவை சூடாக்கினேன். மறுபடியும் அணைந்தது.

"அண்ணே, கிளட்ச் மேல கால வச்சீங்களா?" என்று கேட்டேன்.

"வைக்கலப்பா" என்றார் ராஜமாணிக்கம்.

ஜெயசுதா சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு பெட்டியைக் கழற்றினேன்.

5. இரண்டு சாவி

போர்டைத் திறந்து, சூட்டில் விட்டுப்போகும் இணைப்புக்குச் சால்டர் வைத்துத் தருகிறவர்கள் உண்டு. சில வண்டிகளுக்கு நானே அனுப்பியிருக்கிறேன். ஆனால் நோயாளியை ஏற்றிக்கொண்டு நான்கு வழிச்சாலையில் ஓடும் காருக்கு அதைச் செய்ய மனசு வரவில்லை. அதே பார்ட் நம்பரில் புதியதை ஆர்டர் செய்தோம். அது வரும் வரைக்கும் ராஜமாணிக்கம் வாடகைக் கார் ஏற்பாடு செய்தார். இவ்வளவு நாள் பஸ்ஸில் அனுப்பியவருக்கு அன்றுதான் அது தோன்றியது.

பெட்டி வந்தது. பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினேன். காரின் சேஸிஸ் நம்பரையும் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் கோட் நம்பர்களையும் ஸ்கேனர் வழியாக அதில் ஏற்றினேன். கடைசியாகச் சாவிகளைப் பழக்க வேண்டும். இருக்கிற எல்லாச் சாவியும் ஒரே நேரத்தில் வேண்டும், விட்டுப்போனது பிறகு வேலை செய்யாது.

"ரெண்டு சாவியும் குடுங்கண்ணே."

"ஒண்ணு போதாதா?"

"மத்தது எங்க?"

"பீரோவுல பூட்டி வச்சிருக்கேன்" என்றார், மகளைப் பார்க்காமல். பிறகு அவரே வீட்டுக்குப் போய் எடுத்து வந்தார்.

டெஸ்ட் டிரைவுக்கு ஜெயசுதாவை ஓட்டச் சொன்னேன். நல்ல மதிய வெயில். நான் ஸ்கேனரோடு முன் சீட்டில். ராஜமாணிக்கம் பின் சீட்டில், மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கொடைரோடு வரைக்கும் போனோம். ஏசி ஓட, வெயிலில் வேண்டுமென்றே நிறுத்திவைத்து இன்ஜினைச் சூடாக்கினோம். அணையவில்லை. திரும்பும்போது, அன்று வாடிப்பட்டிப் பக்கம் ஜெயசுதாவை உரசுவதுபோல் போனதைப் போலவே ஒரு லாரி பின்னால் ஏறி வந்தது. அவள் கண்ணாடியில் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, நிதானமாக இடது பக்கம் ஒதுங்கி வழிவிட்டாள். அப்பா கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்தார்.

பட்டறையில் இறங்கியதும் இரண்டு சாவியையும் ராஜமாணிக்கம் கையில் வாங்கிக்கொண்டார். பிறகு ஒன்றை மகளிடம் நீட்டினார்.

"நாளைக்கு அம்மாவ நேரத்தோட கூட்டிட்டுப் போ."

"போறேன். இனிமே வண்டி நின்னா மொதல்ல எங்கிட்ட கேளுங்கப்பா. அப்புறம் ஊர்க்காரங்ககிட்ட கேக்கலாம்."

"சரி, சரி" என்றார். மன்னிப்பு அதில்தான் எங்கோ இருந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

6. இளைய மெக்கானிக்குகளுக்கு

ஸ்கேனர் வாங்குங்கள், ஹீட் கன் வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கெல்லாம் முன்னால், வண்டி நின்ற நேரத்தில் உள்ளே யார் இருந்தது என்று விசாரித்து அவரைப் பேச விடுங்கள். பெரும்பாலும் அவரைத்தான் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள். எங்கள் ஊரில் நான் பார்த்தவரைக்கும் அது ஒரு பெண்ணாக இருக்கும்.

தனலட்சுமி அம்மாவுக்குக் கரண்ட் வைப்பது முடிந்துவிட்டது. தலையில் முடி மறுபடி வந்திருக்கிறது, முன் சீட்டில்தான் உட்கார்ந்து வருகிறார். கம்ப்யூட்டர் போனதைக் கண்டுபிடித்தது தான்தான் என்று சேகர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன கோடையில் ராஜமாணிக்கமும் சேகரும் அதே காரில் வந்தார்கள். ஏசி சரியில்லை. என்ன செய்கிறது என்று கேட்டேன். ராஜமாணிக்கம் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தி போனை எடுத்து டயல் செய்தார்.

"ஜெயா, அருளு அங்கிள் கேக்குறாரு. ஏசி என்ன செய்யுதுன்னு நீயே சொல்லு."

போனை என்னிடம் நீட்டினார். பக்கத்திலிருந்து சேகர், "கேஸ் கம்மி..." என்று தொடங்கினார்.

"மாப்ள, நீ செத்த சும்மா இரு" என்றார் ராஜமாணிக்கம்.