சுமைதாங்கிக் கல்லும் மினி பஸ்ஸும்

1. கல்லுக்கு முன்னால் ஒருவர்

நான் போனபோது சுமைதாங்கிக் கல்லுக்கு முன்னால் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஜல்லி இறக்கியாகிவிட்டது. வாடகைக்கு எடுத்த ரோடு ரோலர் உறுமிக்கொண்டு நின்றது. டிரைவர் என்னைப் பார்த்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார்.

நான் அப்போது ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சியர். கிராமங்களுக்கு மினி பஸ் விடத் தொடங்கியிருந்த காலம். கூத்தாநல்லூர் மெயின் ரோட்டிலிருந்து மேலக்கொத்தூர் காலனித் தெரு வரை பஸ் போகிற மாதிரி ரோட்டை அகலப்படுத்த வேண்டும். ஊர் நுழைகிற வளைவில்தான் சிக்கல். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், நடுவில் இந்தக் கல். இரண்டு தூண், மேலே ஒரு குறுக்குப் பலகைக் கல். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து மூச்சு விடுவதற்காக அந்தக் காலத்தில் வைத்தது. கல்லைப் பத்தடி தள்ளி நட்டால் பஸ் திரும்பும். இல்லாவிட்டால் திரும்பாது.

"ஓவர்சியர் வரலியாம்மா?" என்றார் நாற்காலிக்காரர்.

"நான்தாங்க ஓவர்சியர்."

"ஆம்பள யாரும் இல்லியா?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. அவர் பெயர் வைத்தியலிங்கம். ஊரில் அதிக நிலம் அவர் குடும்பத்துக்குத்தான்.

"எங்க தாத்தாவோட மூத்த தாரம் வயித்துப் பிள்ளையோட போயிட்டாங்க. அவங்க நினைவா வச்ச கல்லு இது. பரம்பரைச் சொத்து. தொட்டா நடக்கிறதே வேற."

நான் கல்லைப் பார்த்தேன். ஒரு தூணில் ஆளுங்கட்சிப் போஸ்டர், மறு தூணில் எதிர்க்கட்சிப் போஸ்டர். பலகை நிறைய யாரோ வரட்டி காயவைத்திருந்தார்கள்.

"அப்ப கல்லு இருந்த இடத்துலயே இருக்கட்டும். வயல் ஓரம் கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்றேன்.

"பட்டா நிலத்துல கை வச்சா கோர்ட்டுக்குப் போவேன்."

2. சமாதானக் கூட்டம்

கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு கொடிக்கம்பங்கள் இருந்ததை எஸ்டிமேட் போட்டவர் எழுதவே இல்லை. அவையும் நகர வேண்டும். ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர், "அவங்க எடுக்கட்டும், நாங்க எடுக்கிறோம்" என்றார். எதிர்க்கட்சிக்காரரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் சத்தமாக. இரண்டு பேரும் மச்சான் முறை. ஒரே டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் இதைச் சொன்னார்கள்.

பி.டி.ஓ.விடம் போனேன். "நீயே பேசி முடிச்சுக்கம்மா, உனக்குத்தான் பொறுமை ஜாஸ்தி" என்றார். எனக்குப் பொறுமை ஜாஸ்தி என்று என் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

கடைசியில் ஒன்றிய அலுவலகத்தில் ஒரு சமாதானக் கூட்டம் போட்டார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஆண்கள், எல்லாரிடமும் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ உண்டு. கல்லைச் சுற்றி மண்டபம் கட்டலாம் என்றார் ஒருவர். பஸ் நிறுத்தத்துக்கு யார் பெயர் வைப்பது என்று இரண்டு கட்சிக்காரர்களும் சண்டை பிடித்தார்கள். பஸ்ஸே இன்னும் வரவில்லை! விவசாயத் தொழிலாளர் சங்கத்திலிருந்து வந்தவர் மட்டும் எழுந்து, "போன அறுவடையில கூலி கூட்டிக் கேட்டோம். வெளியூர் ஆளைக் கொண்டாந்து அறுத்தாங்க. அந்தக் கோவம்தான் இது. கல்லும் இல்ல, மண்ணும் இல்ல" என்றார். உடனே கூச்சல். கூட்டம் டீயோடு கலைந்தது.

வாசலில் வைத்தியலிங்கத்திடம் பஸ் ஏன் வேண்டாம் என்று நேராகவே கேட்டேன். அவரும் நேராகவே சொன்னார்.

"பஸ்ஸு வந்துச்சுன்னா காலையில ஏறி மன்னார்குடிக்குச் சித்தாள் வேலைக்குப் போயிடுவாளுங்க. நடவுக்கு யாரு வருவா? நீங்க வருவீங்களா?"

அப்படியானால் பரம்பரை, மூத்த தாரம் எல்லாம்? "அதுவும் உண்மைதாம்மா" என்றார் கொஞ்சமும் கூசாமல்.

கான்ட்ராக்டர் தினமும் வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். ரோலர் வேறு ஊருக்குப் போய்விட்டது. கொட்டிய ஜல்லியில் பாதி யார் யார் வீட்டு வாசலுக்கோ போய்ச் சேர்ந்தது. மாற்றல் கேட்டு எழுதிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

3. மழைக்காலை

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு காலை. வளைவில் எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று பார்க்கப் போயிருந்தேன். வைத்தியலிங்கம் குடை பிடித்துக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தார். அந்த உறுதியை நான் மனசுக்குள் மெச்சத்தான் செய்தேன்.

காலனித் தெருப் பக்கமிருந்து பெண்கள் சேற்றில் கால் புதையப் புதைய மெயின் ரோட்டுக்கு நடந்து வந்தார்கள். முன்னால் வந்த அஞ்சம்மாள் தலையில் கீரைக்கூடை. வைத்தியலிங்கத்தின் வயலில் நாற்று நடுகிறவர், வேலை இல்லாத நாளில் கீரை விற்பவர். அவர் ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இன்னொரு பெண்ணைத் தாங்கிப் பிடித்திருந்தார். அது மல்லிகா டீச்சர். வைத்தியலிங்கத்தின் மருமகள், மெயின் ரோட்டில் பஸ் பிடித்துப் பள்ளிக்கூடம் போகிறவர். வழியில் வழுக்கியிருக்கிறார். புடவையெல்லாம் சேறு. ஏழு மாசம்.

"பாத்து டீச்சர், இந்தக் கல்லுல சாஞ்சுக்குங்க" என்றார் அஞ்சம்மாள். மல்லிகா தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வைத்தியலிங்கம் பதறி எழுந்துவிட்டார். "என்னம்மா இது, அடி பட்டுச்சா? லீவு போட்டுட்டு வீட்ல இருக்கக் கூடாதா?"

"லீவு எடுத்தா ஆஸ்பத்திரிக்கு நடக்க வேணாமா மாமா? அதுக்கும் இதே வழிதான?"

மல்லிகா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார், பிறகு அவரை.

"இது யாருக்கு வச்ச கல்லுன்னு இந்த ஓவர்சியர் அக்காகிட்ட சொன்னீங்கள்ல. அவங்க எப்படிச் செத்தாங்கன்னு சொன்னீங்களா?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"வலி எடுத்து வண்டியில கொண்டு போனப்ப இந்த வளைவுலதான் சக்கரம் புதைஞ்சுதாம். வண்டியத் தூக்குறதுக்குள்ள உசிரு போயிடுச்சாம். அத்தைதான் சொன்னாங்க. அதான் கல்லை இங்க வச்சாங்களாம்." குரல் உயரவே இல்லை. "எனக்கும் ஒரு கல்லு வைக்கிறதா இருந்தா இப்பவே இடம் பாத்து வச்சுக்குங்க மாமா. இல்லன்னா ரோட்டைப் போட விடுங்க."

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. வைத்தியலிங்கம் தன் குடையை மருமகளிடம் கொடுத்தார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார்.

அஞ்சம்மாள் நாற்காலியை எடுத்து வரப்போரம் வைத்தார். "வேலைய ஆரம்பிங்கம்மா, அவரு மனசு மாறுறதுக்குள்ள" என்றார்.

4. திறப்பு விழா

கல்லை எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததுமே இரண்டு கொடிக்கம்பங்களும் ஒரே நாளில் கிளம்பிவிட்டன. நாங்கள்தான் முதலில் எடுத்தோம் என்று இரண்டு பேரும் நோட்டீஸ் அடித்தார்கள். செயின் கட்டி, கப்பி போட்டு, சேதம் இல்லாமல் கல்லைத் தூக்கி வாய்க்கால் ஓரம் நட்டோம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இப்போது கூடையை அதில்தான் இறக்குகிறார்கள்.

முதல் பஸ்ஸில், முன் சீட்டில், மாலையோடு உட்கார்ந்து வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? வைத்தியலிங்கம்தான். அவர் குடும்பம் பெரிய மனசு பண்ணி வழிவிட்டதால்தான் ஊருக்கு பஸ் வந்தது என்று மைக்கில் பேசினார்கள். மல்லிகாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னை மேடைக்குக் கூப்பிட்டவர் "ஓவர்சியர் அவர்களே" என்று அழைத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற கான்ட்ராக்டருக்குச் சால்வை போட்டார்.

வைத்தியலிங்கம் பயந்ததும் நடந்தது. பெண்கள் மன்னார்குடிக்கு வேலைக்குப் போனார்கள். அடுத்த நடவுக்கு அவர் கூலியைக் கூட்டிக் கொடுத்தார். திட்டிக்கொண்டே கொடுத்தார் என்று அஞ்சம்மாள் சிரித்துக்கொண்டே சொன்னார். மல்லிகாவுக்கு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது, சுகமாக.

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. எஸ்டிமேட் எழுதும் முன்னால் ஒரு காலை அந்த வழியே நடந்துவிட்டு வாருங்கள். யார் யார் நடக்கிறார்கள் என்று பாருங்கள். கூட்டம் போடும்போது அவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். கூப்பிட மாட்டார்கள். மறுபடியும் சொல்லுங்கள்.