சிவப்புப் பூ நிறுத்திய பயணம்

புருஷன் காய்ச்சலில் கிடக்கிறான் என்று தகவல் வந்தால், கிளம்பட்டுமா வேண்டாமா என்று நீங்கள் ஒரு பூவிடம் போய்க் கேட்பீர்களா?

ஏற்காட்டு மலையில் இருக்கும் கரடியூர் கவிதா கேட்க வேண்டியிருந்தது. அவள் புருஷன் மாதேஷ், நீலகிரிப் பக்கம் மலைமேல் இருக்கும் ஒரு தேசியப் பூங்காவில் தற்காலிகக் காவலாள். சுற்றுலா வருகிறவர்கள் படம் பிடித்துப்போகும் புல்வெளிக்கு அப்பால், தகரக் கொட்டகையில் தங்கிக் காட்டுத்தீ பார்க்கிற வேலை. கூட வேலை செய்யும் மனுவேல்தான் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிவந்து போனில் சொன்னான். விடாத காய்ச்சல், கஞ்சிகூட இறங்கவில்லை. தானாக மலையிறங்கினால் வேலை போய்விடும். வீட்டாள் வந்து கூப்பிட்டால்தான் விடுவார்களாம். சனிக்கிழமை அரிசி கொண்டுபோகும் ஜீப்பை விட்டால் உள்ளே போக வேறு வண்டி இல்லை. நிரந்தர வேலைக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு உண்டு. தற்காலிகக்காரனுக்கு வந்தால் பெண்டாட்டி மலையேற வேண்டும்.

கவிதா அன்றைக்கே வழி கேட்டு வைத்துக்கொண்டாள். சேலம், மேட்டுப்பாளையம், ஊட்டி. துணைக்குக் கொழுந்தன் விஜயகுமார். கம்பளியும் மாத்திரையும் பைக்குள் போனபோது, பூ கேட்காமல் யாரும் மலை தாண்டக்கூடாது என்றார் மாமனார் ஐயாக்கண்ணு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டுக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் போகலாம். மகள் கீர்த்திகாவின் கைக்குச் சிவப்பு வந்தது. அந்தச் சனிக்கிழமை ஜீப் கவிதா இல்லாமலே போயிற்று.

அடுத்த வாரம் மனுவேல் மறுபடி கூப்பிட்டான். மாதேஷ் பிதற்றுகிறானாம்.

இந்தத் தடவை பொட்டலத்தைக் கவிதாவே கட்டினாள். இரண்டிலும் வெள்ளை. குழந்தை ஒன்றை எடுத்தது. விஜயகுமார் பையைத் தோளில் மாட்டினான். ஐயாக்கண்ணு சும்மா இருக்காமல் மற்றதையும் பிரித்துவிட்டார்.

"சாமிக்கே நாமம் போடறயா நீயி?"

"காட்டுல கெடக்கறது உங்க மவனுங்க மாமா. நொம்ப முடியலைன்னு மனுவேல் சொல்றாருங்க. பூவா போயிப் பாத்துட்டு வந்துச்சு?"

போனால் இந்த ஊட்டுக்குள் கால் வைக்காதே என்றார் அவர். மாதேஷைப் பெற்ற வெள்ளையம்மாள் சிதறிய பூவைப் பொறுக்க உட்கார்ந்தாள். விஜயகுமார் பையை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எனக்குப் பயமா இருக்குதுங்க அண்ணி."

அவள் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். குழந்தையை மாமியார் மடியில் விட்டுவிட்டு ஏற்காடுவரை நடந்தாள். சேலம் பஸ்ஸில் நின்றுகொண்டே போனாள். வழியெல்லாம் மனுவேலைக் கூப்பிட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை, பூங்கா வாசலில் பனி இன்னும் விலகவில்லை. மாதேஷ் எப்படி இருக்கிறான் என்று அவள் கேட்ட யாருக்கும் தெரியவில்லை. ஜீப் வரும், காத்திரு என்றார்கள். போன வாரமே அவன் ஆஸ்பத்திரியில் இருந்திருக்க வேண்டியவன். கம்பளியை மார்போடு அணைத்துக்கொண்டு பாதையையே பார்த்து நின்றாள்.

உங்கள் வீட்டிலும் ஒருத்தி இப்படிப் பையோடு கிளம்பலாம். எந்தச் சாமியையும் கேட்காதீர்கள். பையை வாங்கிக்கொண்டு அவளோடு பஸ் ஏறுங்கள்.