துள்ளாத பஸ்

திண்டுக்கல்லில் நான் பிரவுசிங் சென்டர் நடத்தியபோது, நரைத்த மீசைக்காரர் ஒருவர் தினமும் மூலை சிஸ்டத்தில் பஸ் ஓட்டும் கேம் விளையாடுவார். அதில் நிலக்கோட்டை பஸ்ஸையும் சேலை கட்டிய ஒரு பயணியையும் அவரே சேர்த்திருந்தார். பஸ் கிளம்பும்போது, “போலாம், ரைட்” என்று தனக்கே சொல்லிக்கொள்வார்.

அந்த சிஸ்டத்துக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போட்டேன். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் நொடிக்கு ஓடும் பிரேம் கூடியதில் கேமின் கணக்கு குழம்பி, வேகத்தடையில் பஸ் துள்ள, அந்தப் பயணி கூரை வழியே பறந்துபோனார்.

“பழச மாட்டிருங்க தம்பி.”

“கேமுதானண்ணே.”

“ஏறுறது அந்த ஒரு ஆளுதான்.”

பழையதையே மாட்டினேன். படம் திக்கித் திக்கி ஓடியது. ஆள் உட்கார்ந்தாச்சா என்பதுபோல், அவர் நாற்காலியிலிருந்தே பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது.

“போலாம், ரைட்” என்றார்.