நெட் இல்லாமல் ஓடிய பந்தி

இன்று காலை மழை வலுத்ததும் எங்கள் சுசீந்திரத்தில் நெட் போய்விட்டது. அலுவலக ஆட்களோடு பேச என் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் உண்டு. ஊர் உலகமெல்லாம் வைத்திருக்கிற ரகம்தான். அது வெள்ளைவெளேரென்று ஆகி, நடுவில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. இப்போது யாருக்குத்தான் வருகிறது? எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றேன். பக்கத்து வீட்டில் பப்படம் பொரிக்கிற வாசனை. அந்த வாசனைக்கும் இந்த வெள்ளைத் திரைக்கும் என் வாழ்க்கையில் ஒரு சம்பந்தம் இருக்கிறது. சிரிக்காமல் கேளுங்கள்.

அப்போது நான் நாகர்கோவிலில், ஒரு பழச்சாற்றுக் கடையின் மாடியிலிருந்த சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தேன். நடத்தியவர் கோட்டாற்றுக்காரர் ஜலீல் அண்ணன். வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு, இனி போவதில்லை என்று வந்தவர். வந்த அன்று அவருடைய சின்ன மகள், விருந்தாளியைப் பார்ப்பதுபோல் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாளாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கேட்கிற எங்களுக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியாது. கம்பெனி என்றால் அவர், நான், அருமனையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஷீபா, அவ்வளவுதான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வெப்சைட் போடுவது. வேண்டியவர்களுக்கெல்லாம் போட்டு முடித்து, சும்மா உட்கார்ந்து மாதுளை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தோம். வளைகுடாவிலிருந்து பழைய முதலாளி வேறு ஜலீல் அண்ணனைத் திரும்பக் கூப்பிட்டபடி இருந்தார்.

அந்த நேரத்தில்தான் அருமனையில் கல்யாண மண்டபம் வைத்திருந்த ஞானதாஸ் வந்தார். அவருடைய தலைவலி பந்தி. நம் ஆட்களைத் தெரியுமே. சாப்பிடுகிறவரின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் நிற்பார். இலையில் கடைசிப் பாயசமான பிரதமன் விழுந்ததும் நாற்காலி லேசாக ஆடும். இதை ஒழிக்க, சாப்பாட்டு ஹால் வாசலில் ஒரு பெரிய டிவி. எந்த மேசையில் எத்தனை இடம் காலி, எது அடுத்துக் காலியாகும் என்று அதில் தெரிய வேண்டும். ஜனங்கள் பார்த்துவிட்டு நாகரிகமாக வெளியே உட்கார்ந்திருப்பார்கள்.

"இண்டர்நெட்டு வேண்டாம் கேட்டியளா. மழை பெஞ்சா எங்க ஊர்ல நெட்டு நிக்காது. கம்ப்யூட்டர்லயே ஓடணும்."

"நெட்டு இல்லாம ஓடும் மொதலாளி. நான்லா சொல்லுதேன்" என்றார் ஜலீல் அண்ணன். ஞானதாஸ் படியிறங்கியதும் எங்கள் பக்கம் திரும்பி, "மக்கா, முடியும்லா?" என்றார். இது நன்றாக வந்தால் சுற்றியுள்ள மண்டபங்களும் கேட்கும். ஜலீல் அண்ணன் ஊரோடு இருந்துவிடலாம்.

முடிந்தது. எப்படியென்றால், ஒரு பிரவுசரை எடுத்து, முகவரி அடிக்கிற பட்டையை மறைத்து, உள்ளே எங்கள் வழக்கமான வெப்பக்கத்தை உட்காரவைத்து, மேலே ஒரு ஐகானை ஒட்டினோம். வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்ட மாதிரி. அசல் சாஃப்ட்வேர் இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று ஒரே பயம். ரைட் கிளிக்கை முடக்கினோம். வெப்பக்கத்தில் வருவதுபோல், மவுஸ் பட்டன்மேல் போனால் கை அடையாளம் வருவதைக்கூட மாற்றினோம்.

முதல் கல்யாணத்தன்று மழை. நெட் போயிற்று. கம்ப்யூட்டரைப் போட்டால் டிவி முழுக்க வெள்ளை. எழுத்துருவையும் நிரலில் பாதியையும், பழக்கதோஷத்தில், இணையத்திலிருந்தே இழுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தோம். வெப்சைட் போட்டுப் பழகிய கைக்கு நெட் இல்லாத இடம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வராது. பப்படம் பொரிகிற வாசனைக்குக் கூட்டம் உள்ளே பாய்ந்தது.

"என்னடே இது, டிவிக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கியளா?" என்றார் ஞானதாஸ்.

ஜலீல் அண்ணன் எங்களைத் திரும்பியே பார்க்கவில்லை. முன்னால் போய் நின்று, "தப்பு எனக்க தப்பாக்கும் மொதலாளி. அடுத்த கல்யாணத்துக்குச் சரியாக்கித் தாறேன்" என்றார்.

இணையத்திலிருந்து இழுத்த எல்லாத் துண்டுகளையும் ஷீபா கம்ப்யூட்டருக்குள்ளேயே கொண்டுவந்து வைத்தாள். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, "அண்ணா, இப்பம் ஓடுது பாருங்க!" என்று கத்தியது கீழே ஜூஸ் கடைவரை கேட்டது.

அடுத்த கல்யாணத்துக்கும் மழைதான். மென்பொருள் பிரமாதமாக ஓடியது. 'அடுத்த பந்திக்குக் காத்திருக்கவும்' என்று டிவி சொன்னது. ஜனங்கள் அதைச் சத்தமாக வாசித்தார்கள், போட்டோ எடுத்தார்கள், பிறகு எந்த மேசை முதலில் காலியாகும் என்று பார்த்துக்கொண்டு நேராகப் போய் அந்த மேசை நாற்காலிகளைப் பிடித்தார்கள்.

"சாஃப்ட்வேர் நல்லதாக்கும், குத்தம் சொல்லல்ல" என்றார் ஞானதாஸ். "ஆனா எடுத்திருங்க. முந்தி நாலு பக்கமும் நின்னவன் இப்பம் ஒரே மேசையிலல்லா நிக்கான்."

அதன்பிறகு அந்த டிவியில் மாப்பிள்ளை பெண் படம் ஓடியது. ஜலீல் அண்ணன் விமானம் ஏறினார்.

நாங்கள் ஒளித்து ஒளித்துச் செய்த அதே வேலையை இன்று பெரிய பெரிய கம்பெனிகள் மேடை போட்டுச் சொல்லிச் செய்கின்றன. காலையில் வெள்ளையாகிப்போன மென்பொருளும் அப்படி உள்ளே வெப்பக்கத்தை வைத்துச் செய்ததுதான். எனக்கும் அதற்குத்தான் சம்பளம். ஷீபா பெங்களூரில் அதையே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். எங்கள் மாடியில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். அருமனை மண்டபத்தில் பஃபே வந்துவிட்டது. பின்னால் நிற்க நாற்காலியே கிடையாது. ஜலீல் அண்ணனின் மகள் கல்லூரிக்குப் போகிறாள். அவள் வளர்ந்ததை அவர் போனில்தான் பார்த்தார், அதுவும் நெட் இருந்த நாட்களில்.

மழை விடவில்லை. பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடியெடுத்துக் கம்ப்யூட்டரில் செருகி, அந்த ஐகானைத் தட்டினேன். உடனே திறந்தது. எல்லா மேசையும் காலி. அடுத்த பந்திக்குக் காத்திருக்கவும். படமெடுத்து ஜலீல் அண்ணனுக்கு அனுப்பினேன். நெட் திரும்பிய பிறகுதான் போய்ச் சேர்ந்தது.

குரல்பதிவாகப் பதில் வந்தது. "மக்கா, நெட்டு இல்லாமயா தொறந்துச்சு?"

"ஆமாண்ணே."

இன்னொரு குரல்பதிவு வந்தது.

"நான்லா சொன்னேன், ஓடும்னு."